கர்ணன் வேஷம் யாருக்கு? – கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

பெங்களூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறேன். இங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து வருஷா வருஷம் பொங்கல் விழா நடத்துகிறோம். கோலப் போட்டி, உறியடி, சினிமாப் பாட்டு என்று போய்க்கொண்டிருந்த விழாவில் இந்த முறை ஒரு நாடகம் போடலாம் என்று பேச்சை ஆரம்பித்தவன் நான். கல்லூரியில் நவீன நாடகங்களில் நடித்திருக்கிறேன், பட்டறைகளுக்கும் போயிருக்கிறேன். அதனால் எழுதுவது, இயக்குவது இரண்டும் என் தலையில் விழுந்தன. கர்ணனின் கடைசி நாட்களை வைத்து ஒன்றேகால் மணி நேர நாடகம்.

எங்கள் சங்கச் செயலாளர் கர்ணன் வேஷம் தனக்குத்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தார். வங்கியில் பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்றவர். நல்ல உயரம், கம்பீரம். விழாவுக்கு வரும் நன்கொடையில் பாதி அவர் முகத்துக்காக வருவது. ஆனால் வசனம் நிற்கவில்லை, குரலும் எழும்பவில்லை. நான் வேறொருவருக்குக் கொடுத்துவிட்டேன். அவர் எங்கள் கேட் பக்கத்தில் இஸ்திரி வண்டி போட்டிருப்பவர், திருவண்ணாமலைப் பக்கத்துக்காரர். சின்ன வயதில் ஊரில் வேஷம் கட்டியவர். ஒருநாள் துணி வாங்கப் போனபோது கர்ண மோட்சம் கூத்திலிருந்து எதையோ பாடிக்கொண்டே பெட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அப்படியே நின்றுவிட்டேன்.

யாருக்கு எந்தப் பாத்திரம் என்று அன்று இரவே வாட்ஸப் குழுவில் போட்டேன். விடிந்ததும், "குடியிருப்பில் இருக்கிறவர்கள் மட்டும்தானே நடிப்பது?" என்று ஒரு கேள்வி. அதற்குக் கீழே நிறைய கட்டைவிரல்கள். சல்லியனாகவும் கிருஷ்ணனாகவும் நடிக்க இருந்த இருவர் விலகிவிட்டார்கள். செயலாளருக்கு அம்புப் படுக்கை பீஷ்மரைக் கொடுத்திருக்கிறேன். விலகவில்லை, ஆனால் தாமதமாக வந்து ஓரமாக உட்கார்ந்து போன் பார்க்கிறார். ஞாயிறு மாலைகளில் கிளப் ஹவுஸ் அறையில் ஒத்திகை. ஆளாளுக்கு மற்றவரைத் திருத்துகிறார்கள். எல்லோருடைய பங்களிப்பும் இருக்கட்டும் என்று நானும் தடுப்பதில்லை. அழைப்பிதழில் நடிகர் பெயருக்குப் பக்கத்தில் பிளாட் எண் போடுவது எங்கள் வழக்கம். இஸ்திரிக்காரருக்கு என்ன போடுவது என்று அதிலும் ஒரு விவாதம்.

அவரே இப்போது, "எதுக்கு சார் வம்பு, செக்ரட்டரி சாருக்கே குடுத்துடுங்க" என்கிறார். "எல்லோரும் சந்தோஷமா இருந்தா போதாதா, இதென்ன நேஷனல் அவார்டா?" என்கிறாள் என் மனைவி. இப்படிப்பட்ட நாடகத்தில் தரம் முக்கியமா, ஒற்றுமை முக்கியமா? வேஷத்தை மாற்றிவிடலாமா?

பெயர் வேண்டாமே,
ஒரு வாசகர்

*

அன்புள்ள நண்பருக்கு,

வேஷத்தை மாற்றாதீர்கள்.

"எதுக்கு சார் வம்பு" என்று அவர் சொன்னதற்கு வேஷம் வேண்டாம் என்று பொருள் எடுக்கக் கூடாது. நாடகம் நின்றுபோனால் உங்களுக்கு ஒரு வாரம் மனசு சரியிருக்காது, அவ்வளவுதான். அவருடைய வண்டி கேட் பக்கத்தில் நிற்பது குடியிருப்புக்காரர்களின் தயவில். பொங்கல் முடிந்து ஒரு மாதம் கழித்து, வண்டி வழியை அடைக்கிறது என்று யாராவது ஒரு புகார் எழுதினால் நீங்கள் அப்போது அலுவலகத்தில் இருப்பீர்கள். அவர் அதையெல்லாம் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறந்திருக்கிறார். இப்போது வேஷத்தைத் திருப்பி வாங்கினால் அவரை இரண்டு பக்கமும் தோற்கடித்ததாக ஆகும். ஆசைப்பட்டவன் என்ற பெயரும் மிஞ்சும், வேஷமும் இருக்காது. அவரை நடுவில் கொண்டுவந்து நிறுத்தியது நீங்கள். கடைசிவரை கூட நிற்க வேண்டியதும் நீங்கள்தான்.

ஆனால் நிறுத்திய விதம் சரியில்லை. உங்கள் கடிதத்தில் எனக்குப் பட்டது இது: பாத்திரம் கொடுப்பதில் நீங்கள் யாரையும் கேட்கவில்லை. ஒத்திகையில் எல்லோரையும் கேட்கிறீர்கள். ஊர் கூடி நாடகம் போடும் வழக்கம் தலைமுறைகளாக நிலைத்த இடங்களில் இது அப்படியே தலைகீழாக இருக்கும்.

மட்டக்களப்புக் கூத்தைப் பாருங்கள். ஆடுகிறவர்கள் வயல் செய்கிறவர்கள், மீன்பிடிக்கிறவர்கள், தச்சு வேலை செய்கிறவர்கள். அண்ணாவியார் என்பவர்தான் அங்கே நாம் இயக்குநர் என்று சொல்லும் ஆள். மத்தளமும் பெரும்பாலும் அவர் கையில்தான். இந்த வருஷம் கூத்துப் போடுவது என்று ஊரில் பேச்சு எழுந்ததும், எந்தக் கதை, வடமோடி, தென்மோடி என்ற இரண்டு ஆட்ட முறைகளில் எது என்று பெரியவர்களும் அவரும் உட்கார்ந்து பேசுவார்கள். ஆட விரும்புகிறவர்களின் குரலையும் உடல்வாகையும் பார்ப்பார்கள். பிறகு ஒரு நல்ல நாளில் 'சட்டம் கொடுத்தல்' நடக்கும். சட்டம் என்பது ஒரு பாத்திரத்துக்கு உரிய பாட்டும் வசனமும் எழுதிய பிரதி. ஊர் பார்த்திருக்க அண்ணாவியார் கையால் அதை வாங்குகிறவனுக்கு அந்த வேஷம்.

அங்கே முணுமுணுப்பே இருக்காது என்று நான் சொல்லவில்லை. தாராளமாக இருக்கும். உடுப்புச் செலவு ஆடுகிறவன் தலையில் என்பதால் ராஜா வேஷத்துக்குக் காசுள்ளவன் கை ஓங்கும். சாதி உள்ளே புகுந்து தன் வேலையைக் காட்டும். அதை அங்குள்ளவர்களே கேள்வி கேட்டிருக்கிறார்கள். அங்குள்ள நாடகச் செயற்பாட்டாளர் சி. ஜெயசங்கரும் அவரோடு இருந்தவர்களும் சீலாமுனை என்ற ஊரில் கூத்து மீளுருவாக்கம் என்று தொடங்கியபோது, கூத்தில் சாதியும் பெண்ணும் வரும் விதத்தையே ஆடுகிறவர்களோடு உட்கார்ந்து விவாதித்தார்கள். எப்படியானாலும், பேச வேண்டியதெல்லாம் சட்டம் கைமாறுவதற்கு முன்னால். அதற்குப் பிறகு வாய் அண்ணாவியாருக்கு மட்டும்தான்.

பழக்கம் மாதக்கணக்கில் இரவுகளில் நடக்கும். அண்ணாவியார் தாளக்கட்டை வாயால் சொல்வார், மத்தளத்தில் அடிப்பார். அது ஆடுகிறவன் காலில் வந்து உட்காரும்வரை மறுபடி, மறுபடி. ராஜாவுக்கும் அதேதான், கட்டியகாரனுக்கும் அதேதான். மறந்த அடியை எடுத்துக் கொடுக்கப் பாட்டு எழுதிய நோட்டோடு ஒருவர் இருப்பார், அவருக்கு ஏட்டண்ணாவியார் என்று பெயர். அவரும் ஒரு அண்ணாவியார்தான் என்று ஊர் பட்டம் கொடுத்து வைத்திருப்பதைக் கவனியுங்கள். நம் சபாக்களில் பிராம்ட் பண்ணுகிறவர் திரைக்குப் பின்னால் குனிந்து உட்கார்ந்திருப்பார், அவர் பெயர் அழைப்பிதழில் கூட வராது.

உங்களுக்கு முக்கியமாகத் தேவைப்படுவது அங்குள்ள இன்னொரு வழக்கம். கொஞ்சம் பழகியதும் கிழமைக் கூத்து என்று வாரம் ஒருநாள் ஆடுவார்கள். பிறகு சதங்கை அணிந்து ஆடும் நாள் வரும். அதன் பின் முழுக் கூத்தையும் ஒருமுறை அடுக்குப் பார்ப்பார்கள். அரங்கேற்றம் கடைசியில்தான். இடையில் ஊர் வந்து பார்த்துக்கொண்டே இருக்கும். இவன் போன வாரம் எங்கே தடுக்கினான், இந்த வாரம் அதை எப்படித் தாண்டினான் என்பது எல்லோருக்கும் தெரியும். அரங்கேற்றத்தன்று களரியில், அதாவது ஆடுகளத்தில், அவன் வந்து நிற்கும்போது இவனுக்கு ஏன் இந்த வேஷம் என்று கேட்க ஆள் இருக்காது. நீங்கள் கிளப் ஹவுஸ் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு ஒத்திகை பார்க்கிறீர்கள். உள்ளே அவர் பாடுவது அந்த அறையில் இருக்கும் பத்துப் பன்னிரண்டு பேருக்குத்தான் தெரியும். வாட்ஸப்பில் கட்டைவிரல் போட்டவர்கள் இன்னும் அவர் குரலைக் கேட்டிருக்க மாட்டார்கள். அடுத்த ஒத்திகையைக் குழந்தைகள் விளையாடும் இடத்துக்குப் பக்கத்தில் வையுங்கள். பொன்னுருவி காட்சி அவருக்குப் பாடமாக இருந்தால் முதலில் அதைச் செய்யச் சொல்லுங்கள். கணவனின் பிறப்பை இளப்பமாகப் பேசும் மனைவியின் முன் கர்ணன் நிற்கும் இடம் அது. கூத்துக்காரர்கள் அதை ரசித்துச் செய்வார்கள், உங்கள் பிரதியில் இல்லையென்றாலும் பாதகமில்லை. நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள் நின்று கேட்கட்டும். உங்களைப் போல அவர்களும் நின்றுவிடுவார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

அடுத்தது, 'குடியிருப்பில் இருக்கிறவர்கள் மட்டும்' என்ற விதி. அந்தக் கேள்வி மறுநாள் காலையில்தான் பிறந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். இந்தக் கேள்வியை மிகக் கறாராக வைத்துக்கொண்டு நாடகம் போடும் ஊர் ஒன்று உண்டு. ஜெர்மனியின் பவேரியாவில், ஆல்ப்ஸ் அடிவாரத்து ஓபராமர்காவ். 1633ல் கொள்ளைநோய் வந்தபோது, ஊர் பிழைத்தால் இயேசுவின் பாடுகளை நாடகமாக நடத்துவோம் என்று நேர்ந்துகொண்டார்கள். 1634ல் முதல் நாடகம். பத்து வருஷத்துக்கு ஒருமுறை என்று இன்றுவரை நடக்கிறது. ஐயாயிரத்துச் சொச்சம் பேர் வாழும் ஊரில் மேடை, பாட்டு, வாத்தியம், உடை எல்லாமாக ஏறத்தாழ 1,800 பேர் பங்கெடுக்கிறார்கள். ஒன்று அந்த ஊரில் பிறந்திருக்க வேண்டும், அல்லது 20 வருஷமாவது அங்கே குடியிருந்திருக்க வேண்டும். இது விதி.

கல்யாணமான பெண்களும் 35 வயது கடந்த பெண்களும் மேடையேறக் கூடாது என்றும் ஒரு விதி வெகுகாலம் இருந்தது. ஊர்ப் பெண்கள் மூன்று பேர் நீதிமன்றத்துக்குப் போனார்கள், 1990ல் அந்த விதி விழுந்தது. 2022 நாடகத்தில் யூதாஸாக நடித்த இருவரில் ஒருவர் துருக்கியக் குடும்பத்தைச் சேர்ந்த முஸ்லிம் இளைஞர். அந்த ஊரிலேயே வளர்ந்தவர். துணை இயக்குநரும் துருக்கியக் குடும்பத்தவர்தான். பாருங்கள், மோசமான விதியானாலும் எழுதி வைத்திருந்தால் அதோடு மல்லுக்கு நிற்கலாம், காலத்துக்குத் தக்கபடி மாற்றலாம். உங்கள் குடியிருப்பில் விதியே கிடையாது. வேண்டாத ஆள் ஒருவர் உள்ளே வந்த பிறகு அவர் அளவுக்கு ஒரு விதியைத் தைத்திருக்கிறார்கள்.

சரி, அவர்கள் விதியையே வைத்துப் பார்ப்போமே. உங்கள் குழுவில் எத்தனை பேர் வாடகைக்கு இருப்பவர்கள்? பதினோரு மாத ஒப்பந்தம் போட்டு, அடுத்த வருஷம் ஒயிட்பீல்டோ சர்ஜாபூரோ என்று போய்விடுகிறவர்கள். இஸ்திரிக்காரர் எத்தனை வருஷமாக அங்கே நிற்கிறார் என்று நீங்கள் எழுதவில்லை, அவரைக் கேட்டுப் பாருங்கள். யார் வீட்டில் யாருக்கு வேலை போயிற்று என்பது கூட வெளுத்த சட்டைகளின் எண்ணிக்கையை வைத்து அவருக்குத் தெரிந்திருக்கும். அவரையும் சேர்த்தால்தான் அது உங்கள் குடியிருப்பின் நாடகம் என்பது என் கட்சி. கர்ணன் கதையைப் போடுகிறவர்கள் அரங்கில் ஏறியவனிடம் நீ யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்பதில் உள்ள வேடிக்கை அவர்களுக்குப் புரியாமலா இருக்கும். போகட்டும்.

அழைப்பிதழில் யாருக்கும் பிளாட் எண் வேண்டாம். பாத்திரத்தின் பெயர், எதிரே நடிப்பவரின் பெயர், அவ்வளவுதான். அவருக்கு மட்டும் 'சிறப்பு அழைப்பாளர்' என்று போடலாமே என்று யாராவது நயமாகச் சொல்வார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். அது மாலை போட்டு வாசலுக்கு வெளியே நிறுத்தும் வேலை.

ஓபராமர்காவின் இயக்குநரைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெயர் கிறிஸ்டியான் ஸ்டூக்கல். அந்த ஊரில் விடுதி நடத்திய குடும்பத்துப் பிள்ளை, மரச்சிற்பம் கற்றவர். 1980களின் கடைசியில், இருபதுகளைத் தாண்டாத வயதில், ஊர்மன்றம் அவரைத் தேர்ந்தெடுத்தது. 1990, 2000, 2010, 2022 என்று நான்கு முறை இயக்கிவிட்டார். யூதர்களைப் பழிக்கும் வசனங்களை ஒவ்வொரு முறையும் வெட்டி, இயேசுவே யூதர்தான் என்று மேடையில் தெரியும்படி மாற்றியவர். தாத்தா காலத்து வசனத்தை மனப்பாடமாக வைத்திருக்கும் ஊரில் அது லேசுப்பட்ட காரியம் இல்லை. ஒவ்வொரு சண்டைக்குப் பிறகும் அதே தெருவில்தான் அவர் நடந்தாக வேண்டும், அதே பக்கத்து வீட்டுக்காரரிடம்தான் அடுத்த முறை நடிக்கிறீர்களா என்று கேட்டாக வேண்டும். வெளியூரிலிருந்து வரும் இயக்குநருக்கு இந்தச் சங்கடம் இல்லை. உங்களுக்கு இருக்கிறது, லிப்டில் தினமும் பார்க்கிறீர்களே.

அங்கே பாத்திரம் அறிவிக்கும் நாளை நினைத்துப் பாருங்கள். 2018 அக்டோபரில், அரங்கத்துக்கு முன்னால் ஊர் திரண்டு நிற்க, ஒரு கரும்பலகையில் சாக்கட்டியால் ஒவ்வொரு பெயராக எழுதினார்கள். முக்கியப் பாத்திரம் ஒவ்வொன்றுக்கும் இரண்டு பேர், மாறி மாறி ஆட. பெயர் வராதவனும் அந்தக் கூட்டத்தில்தான் நிற்கிறான். பெயர் வந்தவன் பக்கத்திலேயே இருக்கிறான். கை கொடுத்துத்தான் ஆக வேண்டும். வாட்ஸப்பில் உங்கள் செயலாளர் அதை ராத்திரி பதினொன்றரைக்குத் தனியாகப் படித்திருப்பார். முகம் கொடுத்துப் பேச ஆளில்லாமல் விடியவிடிய அதையே மென்றுகொண்டிருந்திருப்பார்.

அந்த ஊரின் ஒத்திகைக் கட்டுப்பாடு வேறு ரகம். நாடகத்துக்கு முந்தைய வருஷம், ஈஸ்டருக்கு முன் நோன்பு தொடங்கும் சாம்பல் புதன் முதல் நடிப்பவர்கள் முடி வெட்டக் கூடாது, ஆண்கள் தாடி மழிக்கக் கூடாது. ரோமானிய வீரர்களாக நடிப்பவர்களுக்கு மட்டும் விலக்கு. 2020 நாடகத்துக்காக 2019 மார்ச்சிலிருந்து வளர்த்தார்கள். கொரோனா வந்து, 2020 மார்ச்சில் நாடகம் தள்ளிப்போனது. நாவிதர் கடைக்குப் போனார்கள். 2021ல் மறுபடி முதலிலிருந்து வளர்த்து, 2022 மே 14ல் மேடையேறினார்கள். உங்கள் ஆட்களை ஏழு மணி ஒத்திகைக்கு ஏழு மணிக்கு வரவைக்க முடியவில்லை.

அங்கே ஒரு பாத்திரத்துக்கு இரண்டு ஆள் என்றதும் உங்கள் குழுவில் யாருக்காவது ஒரு யோசனை தோன்றும், இரண்டு கர்ணன் வைத்துக்கொள்ளலாமே என்று. நம் தஞ்சைப் பக்கத்திலேயே அதற்கு முன்னுதாரணம் காட்டலாம். ஆர்சுத்திப்பட்டில் இரணிய நாடகம் போடும்போது ஒரு பாத்திரத்துக்கு இரண்டு பேர், ஒரே நேரத்தில், ஒரே மேடையில் நிற்பார்கள். இரண்டு இரணியன். பார்க்க அபாரமாக இருக்கும். அதே தஞ்சைப் பக்கத்து மெலட்டூரின் பாகவத மேளா நாட்டிய நாடகத்தில் வேறு வழி. வேஷம் குடும்ப வழியாக வருகிறது. வெளியூரில் வேலை பார்ப்பவர்கள் நரசிம்ம ஜயந்திக்கு லீவு போட்டுவிட்டு வந்து ஆடுகிறார்கள். நரசிம்மர் முகமூடியை அணிபவர் விரதமிருந்து அணிகிறார். அங்கே யாருக்கு வேஷம் என்ற கேள்வியே எழாது. இதெல்லாம் அந்தந்த ஊரில் ஊறி வந்தவை. உங்கள் இரண்டாவது கர்ணன் சமாதானத்துக்காகச் செய்துவைத்த கர்ணனாக இருப்பார். முதல் வரியிலேயே சபைக்குத் தெரிந்துவிடும், செயலாளரைத்தான் நீங்கள் அவமானப்படுத்தியதாக ஆகும்.

அவரை நீங்கள் நேரில் போய்ப் பார்க்க வேண்டும். போனில் வேண்டாம். குரல் எழும்பவில்லை, வசனம் நிற்கவில்லை என்றெல்லாம் விளக்கம் சொல்ல வேண்டாம், அவருக்கே தெரியும். சல்லியன் காலியாகத்தானே இருக்கிறது? அதைக் கொடுங்கள். பீஷ்மரைக் கொடுத்தீர்களே, கம்பீரமான மனிதருக்குப் படுத்துக்கொண்டே பேச ஒரு காட்சி! கோபம் வராமல் என்ன செய்யும். சல்லியன் மத்திர நாட்டு அரசன். தேரோட்டி மகனுக்குத் தேரோட்ட வேண்டிவந்த அரசன். வழியெல்லாம் கர்ணனைக் குத்திப் பேசுகிறான். நாகாஸ்திரத்தை இரண்டாம் முறை விட மாட்டேன் என்று கர்ணன் மறுத்ததும் தேரை விட்டு இறங்கிப் போய்விடுகிறான். உங்கள் செயலாளர் ஒவ்வொரு ஒத்திகைக்கும் கொண்டுவரும் முகம் இருக்கிறதே, அதையே மேடைக்கும் கொண்டுவந்தால் போதும். கத்த வேண்டியதில்லை. ஏளனத்தை மெல்லச் சொன்னால்தான் எடுபடும். வரிகளும் குறைவு. போர்க்களக் காட்சி முழுக்க அவரும் இஸ்திரிக்காரரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றாக வேண்டும், ஒருவர் அடி எடுத்தால்தான் மற்றவர் அடி. ஒத்துக்கொண்டால் உங்கள் பிரச்சினை முக்கால்வாசி தீர்ந்தது. மறுத்தால் விட்டுவிடுங்கள், வாசலில் நின்று விருந்தினரை வரவேற்கட்டும். இரண்டாவது முறை கெஞ்சப் போகாதீர்கள்.

கிருஷ்ணனுக்கும் ஆள் இல்லையே என்று நீங்களே இறங்கிவிடும் எண்ணம் இருந்தால், வேண்டாம். பம்மல் சம்பந்த முதலியார் நாடகத்தைத் தானே எழுதி, தானே கற்பித்து, பிரதான வேஷமும் தானே கட்டினார். 1891ல் சென்னையில் அவர் தொடங்கிய சுகுண விலாச சபையில் இருந்தவர்கள் வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும். கூத்தாடி என்று ஏளனமாகப் பேசப்பட்ட காலத்தில், சம்பளம் வாங்காமல் மேடையேறியவர்கள். பம்மலுக்கு அது கூடி வந்தது. எல்லோருக்கும் வராது. மேடைக்குள் நின்றுகொண்டு மேடையைப் பார்க்க முடியாது. குடியிருப்பில் கல்லூரிப் பெண் யாராவது இருந்தால் கிருஷ்ணன் வேஷத்துக்குக் கேட்டுப் பாருங்கள்.

சபாக்காரர்களைச் சொன்னதற்கு இன்னொரு காரணம் உண்டு. உங்கள் மனைவி சொல்வதில் நியாயம் இருக்கிறது, எல்லோரும் சந்தோஷமாக இருக்கத்தான் இதைச் செய்கிறோம். ஆனால் வெறும் சந்தோஷம்தான் நோக்கமென்றால் கூட்டாஞ்சோறு போதும். மூன்று மாதம் அலுவலகம் முடிந்து வந்து வசனம் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. சம்பளம் இல்லாத நடிகன், நன்றாகச் செய்தோம் என்ற நினைப்புக்காகத்தான் வருகிறான். அதையும் வேண்டாம் என்றால் அவன் கையில் எதைக் கொடுத்து அனுப்புவீர்கள்? ஒற்றுமைக்காகத் தரத்தை விட்டுக்கொடுத்த குழுக்கள் அடுத்த வருஷம் ஒற்றுமையாக இருந்து நான் பார்த்ததில்லை. ஆகவே ஒத்திகையில் ஒரே குரல்தான் இருக்க வேண்டும். நடிகர் நடிகரைத் திருத்தக் கூடாது என்று அடுத்த கூட்டத்திலேயே சொல்லிவிடுங்கள். சொல்ல வேண்டியது ஏதாவது இருந்தால் முடிந்த பிறகு உங்களிடம் வந்து சொல்லட்டும்.

ஒரே ஒரு விலக்கு. ஈழத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களின் தொடக்கத்தில் பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்களை வைத்துக் கூத்தை நகர மேடைக்குக் கொண்டுவந்தபோது முதலில் எடுத்தது எது தெரியுமா? 'கர்ணன் போர்'. விடியவிடிய ஆடுவதைச் சுருக்கினார், முன்பக்கம் மட்டும் திறந்த படச்சட்ட மேடைக்கு ஏற்ப அமைத்தார். ஆனால் ஆட்டம் பழக்கும் வேலையைத் தன் கையில் வைத்துக்கொள்ளவில்லை. வந்தாறுமூலையிலிருந்து செல்லையா அண்ணாவியாரை அழைத்துவந்து மாணவர்கள் முன்னால் உட்கார வைத்தார். பட்டதாரி ஆகப் போகிறவர்கள் அவர் சொன்னபடி காலெடுத்து வைத்தார்கள். நீங்களும் ஒத்திகையின் முதல் அரை மணி நேரத்தை இஸ்திரிக்காரரிடம் கொடுங்கள். மேடையில் நடப்பது எப்படி, கிறுக்கி என்னும் சுழலாட்டத்தைச் சுற்றிவிட்டுத் தள்ளாடாமல் நிற்பது எப்படி, அடிவயிற்றிலிருந்து குரல் எடுப்பது எப்படி என்று எல்லோருக்கும் அவர் சொல்லிக் கொடுக்கட்டும். நீங்களும் வரிசையில் நில்லுங்கள். அந்த அரை மணி நேரம் அவர் வாத்தியார். வாத்தியாரின் வண்டியைப் பற்றிப் புகார் எழுத நாலு பேருக்காவது கை கூசும்.

ஒத்திகை நேரத்தை மாற்ற வேண்டும் என்பதையும் நீங்கள் யோசிக்கவில்லை. ஞாயிறு மாலை உங்களுக்கெல்லாம் ஓய்வு. அவருக்கு அதுதான் வேலை குவியும் நேரம், திங்கட்கிழமை ஆபீஸ் சட்டைகள் முழுக்க அப்போதுதான் வரும். ஒவ்வொரு ஒத்திகைக்கும் தன் வாரத்து வருமானத்தில் ஒரு பகுதியை விட்டுவிட்டு வந்திருக்கிறார், உங்களிடம் சொல்லவும் இல்லை. வார நாளில் இரவு ஒன்பது மணி என்று வையுங்கள். அவருக்கு மட்டும் தனியாகப் பணம் கொடுப்பது வேண்டாம், அது அவரைக் கூலிக்கு வந்தவர் ஆக்கிவிடும். உடை, ஒப்பனைச் செலவை எல்லோருக்குமாகச் சங்கமே ஏற்கட்டும்.

கடைசியாக ஒரு வேலை. ஒரே ஒரு மேடையேற்றத்தோடு நிறுத்திவிடாதீர்கள். நம் ஊர்க் குழுக்கள் மூன்று மாதம் பழகி, ஒருநாள் ஆடி, போட்டோ எடுத்துக்கொண்டு கலைந்துவிடுகின்றன. முதல் நாள் எல்லோருக்கும் வசனம் மறந்துவிடுமோ என்ற பயம்தான், மற்றவன் நடிப்பதைப் பார்க்கவே முடியாது. மட்டக்களப்பில் அரங்கேற்றம் முடிந்த பிறகு வீடு வீடாகப் போயும் ஆடுவார்கள். ஓபராமர்காவில் ஒரு பருவத்தில் நூறு தடவைக்கு மேல் ஆடுகிறார்கள். உங்களுக்கு இரண்டு போதும். பொங்கலுக்கு ஒன்று, பதினைந்து நாள் கழித்துப் பக்கத்துக் குடியிருப்பிலோ ஏதாவது ஒரு தமிழ்ச் சங்கக் கூடத்திலோ இன்னொன்று. அங்கே போகும்போது யார் எந்தப் பிளாட் என்று யாருக்கும் தெரியாது. எல்லோரும் வெளியூர் நாடகக்காரர்கள்தான், மேக்கப் பெட்டியை ஆளுக்கொரு கை பிடித்துத் தூக்கிக்கொண்டு வேனில் ஏற வேண்டியவர்கள். தேதியை இப்போதே குறித்து, கூடத்துக்கு முன்பணம் கட்டி, அழைப்பிதழில் இரண்டு தேதியையும் சேர்த்தே அச்சடித்துவிடுங்கள்.